முட்டி நேரானால் போதும்

மார்ச் 11

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து அரிசி டின் மேல் சும்மா கிடந்தது. இன்றுமுதல் எழுதவேண்டியதாகிவிட்டது. குதிரை டாக்டர் சுகுணா அம்மாவின் உத்தரவு.

"மைமூனம்மா, குட்டி எப்படி நிக்குது, எவ்வளவு நேரம் படுத்துக்குது, தினம் எழுதி வைங்க. உங்க வீட்டுக்காரரக் கேட்டா எல்லாத்துக்கும் 'நல்லா இருக்குதுங்க'ன்னுதான் சொல்வாரு" என்றார். நான் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திக் கண்டுபிடித்ததை அந்த அம்மா இரண்டு தடவை வந்ததிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

தோட்டத்துப் பெண்குதிரை முத்தழகிக்குப் பிறந்த குட்டி. பெண். செந்நிறம். நெற்றியில் நல்ல சுழி இருக்கிறதென்று தோட்டத்து முதலாளி நாச்சிமுத்து ஐயாவுக்கு முதலில் வாயெல்லாம் பல். குட்டி எழுந்து நின்றதும் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. முன்னங்கால் முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று உரசுகின்றன, முட்டிக்குக் கீழே கால்கள் வெளியே விரிந்து கிடக்கின்றன. வலது மோசம்.

"ஆடி மாச அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குள்ள காலு நேராவோணும் பாய். இல்லீன்னா தரகங்கிட்டத் தள்ளி உட்டுருவேன். கோணக்காலு குதிரைய வெச்சுட்டு நாலு பேருத்துல நான் நிக்க முடியாது" என்று லாடம் அடிக்கிற என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தரகனிடம் போன கோணல் குட்டிகள் யாருடைய கத்திக்குப் போகின்றன என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். இவர் "ஆகட்டுங்" என்றார்.

மார்ச் 14

குட்டி நின்றது, படுத்தது, பால் குடித்தது. நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் சாணி அள்ளுவது எப்படியிருக்கும் என்பதை எழுதச் சொல்லி டாக்டர் கேட்கவில்லை.

மார்ச் 18

டாக்டர் வந்து எக்ஸ்ரே மெஷினில் காலைப் படம் எடுத்தார். எலும்பில் முறிவு எதுவுமில்லை, வளர்கிற முனை ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் வளர்கிறது, அதனால்தான் சாய்கிறது என்றார். அறுவை செய்யலாம், ஆனால் முதலில் குளம்பிலேயே முயன்று பார்ப்போம் என்றார். குளம்பின் வெளிவிளிம்பைக் கொஞ்சம் தேய்த்துக் குறைக்கவேண்டும். உள்விளிம்பில் பசை வைத்து ஒரு நாக்குபோல நீட்டிவிடவேண்டும். பாரம் விழுகிற இடம் மாறினால் எலும்பு வளர்கிற போக்கும் மாறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓட விடக்கூடாது. சின்னக் கொட்டடியில் தாயோடு அடைத்துவைக்கவேண்டும்.

லாயம் முழுக்கத் தேங்காய் நார்த்தூள் மெத்தையாகப் போட்டிருந்தோம். குட்டி அதில் புதைந்து நின்றால் கால் எந்தப் பக்கம் கோணுகிறதென்று தெரியாது. இவர் வாசலில் ஒரு கடப்பைக்கல்லைச் சமமாகப் பதித்தார். இனி அதன் மேல் நிறுத்தித்தான் பார்ப்பது.

பசையைக் குழைத்தது டாக்டர். குளம்பைப் பிடித்தது நான். தேய்த்தது இவர். எப்போதும்போல.

சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கஞ்சி இவர் கையிலிருந்து பாயில் கொட்டிவிட்டது. கிண்ணம் சூடு.

மார்ச் 23

இன்றும் கொட்டியது. நோன்புக் களைப்பு. சர்க்கரை இறங்கியிருக்கும். நாளைமுதல் எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், கைப்பிடி வைத்த கப்பில் ஊற்றப்போகிறேன், அதுவும் பாதி.

குட்டி நன்றாகப் பால் குடிக்கிறது.

மார்ச் 31

பெருநாள். திருப்பூரிலிருந்து மகள் ஜுலைகா வந்துவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போனாள். அத்தாவின் புதுச் சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா, அத்தாவுக்கு என்ன?"

"புதுச் சட்டை. பொத்தான் ஓட்டை இறுக்கமா இருக்கு."

அவளுக்கு அவள் அத்தா மூக்கு. என் கண். எதையும் விடமாட்டாள். பிரியாணிச் சட்டியைக் கழுவச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 2

குட்டியின் கால் தேய்க்கும் நாள். இவர் உள்ளங்குளம்பைச் சுத்தம் செய்யும்போது குட்டி உதறிவிட்டது. கத்தி வழுக்கி இரத்தம் வந்துவிட்டது. அதிகமில்லை. மருந்து வைத்துத் துணி கட்டினேன். நாச்சிமுத்து ஐயா கோயம்புத்தூர் போயிருந்தார், நல்லவேளை.

இவர் சோறு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 3

நொண்டுகிறது. இவர் லாயத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று ஊருக்கே தெரியும். இன்று வாய் திறக்காததைப் பார்த்து முத்தழகியே பயந்திருக்கும்.

ஏப்ரல் 7

காயம் ஆறிவிட்டது. நொண்டல் இல்லை.

ஏப்ரல் 16

குளம்பு தேய்த்தாயிற்று. உள்பக்க நாக்கு புதிதாக வைத்தாயிற்று. குட்டி சும்மா நின்றது.

என் வலது உள்ளங்கையில் கொப்புளம். தோசைக்கல்லைத் தொட்டுவிட்டேன்.

ஏப்ரல் 30

தேய்த்தாயிற்று. இடது முட்டி பார்க்கப் பரவாயில்லை. வலது இன்னும் உள்ளேதான்.

நேராக இருக்கிறதா என்று பார்க்கக் குதிரைக்கு முன்னால் போய் நிற்பது வீண் வேலை. நாச்சிமுத்து ஐயா அப்படித்தான் நிற்பார். குதிரைக்கு முன்னால் நின்றால் குதிரைதான் தெரியும். காலைப் பார்க்கவேண்டுமானால் அந்தக் கால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு முன்னால் போய் நிற்கவேண்டும். வலதுக்கு ஓர் இடம், இடதுக்கு ஓர் இடம். இவர் இப்போது அந்த இரண்டு இடத்திலும் மாறி மாறி நின்று, "வெளிய இன்னும் ஒரு நூல். போதும். போதும்னேன்ல" என்கிறார். இருபத்தெட்டு வருஷம் வாயே திறக்காமல் வேலை செய்த மனுஷர், இப்போது பேசியே ஆளைக் கொல்கிறார்.

மே 9

வெயில். குட்டி கொட்டடிக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. மற்றக் குட்டிகள் துள்ளுகிற வயசில் இது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாவமாக இருக்கிறது. வெளியே விட்டால் ஒரே நாளில் எல்லாம் கெட்டுவிடும்.

எனக்கும் இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. காலை எட்டுக்கு லாயம், பத்துக்குச் சமையல், மறுபடி லாயம். இவருக்குச் சோறு பிசைந்து வைத்துவிடுகிறேன், ஸ்பூனில் சாப்பிடுகிறார். நோன்புக் களைப்பு இன்னும் தீரவில்லை.

மே 10

நேற்று எழுதியதைப் படித்தேன். பெருநாள் முடிந்து எத்தனையோ நாளாகிறது. எந்த ஊரில் நோன்புக் களைப்பு இத்தனை நாள் நிற்கிறது?

மே 21

டாக்டர் வந்தார். மறுபடியும் படம். இடது நேராகிவிட்டது, வலது முக்கால்வாசி வந்துவிட்டது என்றார். குளம்பைத் தூக்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"சுத்தமான வேலைங்க பாய். போன தடவைக்கு இந்தத் தடவை இன்னும் நல்லா இருக்கு."

இவர் என்னைப் பார்த்தார். நான் முத்தழகியின் வாலைப் பார்த்தேன். "நல்லா இருக்குதுங்க" என்றார் இவர்.

போகும்போது டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். "முட்டி நேரானதும் நிறுத்திடணும். அப்பவும் பாதம் கொஞ்சம் வெளிய பாத்துட்டுதான் இருக்கும். குட்டிக்கு நெஞ்சு ஒடுக்கம், அதனால கால் மொத்தமும் வெளிய திரும்பி நிக்குது. நெஞ்சு அகலமாக அகலமாகத் தானே உள்ள வரும். அதையும் இப்பவே தேய்ச்சு நேராக்கிட்டோம்னா, வளர்ந்த பிறகு பாதம் உள்ள திரும்பிக்கும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஜூன் 7

பக்ரீத். ஜுலைகா வரவில்லை, போன் பண்ணினாள். அத்தாவைப் பேசச் சொன்னாள். இவர் பேசினார். பேசி முடிக்கிறவரை போனை நான்தான் அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "அத்தா, கோயம்புத்தூர்ல நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கென்ன நரம்பு? குதிரையப் பாக்கவே நேரமில்ல" என்றார் இவர்.

ஜூன் 11

ஏப்ரல் இரண்டாம் தேதி குட்டி உதறியது என்று எழுதியிருக்கிறேன். குட்டி அசையவேயில்லை. நான்தானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12

எழுதியதுதான் எழுதிவிட்டேன், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். டாக்டரிடம் இந்தப் பக்கங்களைக் காட்டப்போவதில்லை. குட்டி விஷயம் மட்டும் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

இவர் கை நடுங்குகிறது. சும்மா இருக்கும்போது அதிகம். முதலில் வலது கை. இப்போது இடதிலும் கொஞ்சம். நடக்கும்போது கால் இழுக்கிறது. அன்று இரத்தத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த தடவை அரத்தை நான் எடுத்தேன். "நீ எடு" என்று அவர் சொல்லவுமில்லை, "நான் தேய்க்கிறேன்" என்று நான் கேட்கவுமில்லை. கண் அவருடையது, கை என்னுடையது. அப்படித்தான் குட்டியின் கால் நேராகிக்கொண்டிருக்கிறது. தோசைக்கல் என்னைச் சுடவேயில்லை.

லாடக்காரன் கை நடுங்குகிறதென்று தெரிந்தால் நாச்சிமுத்து ஐயா என்ன செய்வார்? தகரக் கூரை போட்ட இந்த வீடு லாடக்காரனுக்குக் கொடுத்தது. எனக்கு வேலை போகிறதே என்று பயமில்லை என்று சொன்னால் பொய். பயம்தான். ஆனால் அதைவிட, அவரை யாராவது பாவம் என்று பார்ப்பார்களே, அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 25

தேய்த்தேன். வலது இன்னும் கொஞ்சம்.

ஜூலை 9

தேய்த்தேன். அவர் வலது காலுக்கு முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். "முட்டி வந்துருச்சு மைமூனு. இதோட நிறுத்திக்கலாம்." பசை நாக்கையும் எடுத்துவிட்டேன். பாதம் கொஞ்சம் வெளியே பார்க்கிறது. டாக்டர் சொன்னபடியேதான்.

கொட்டடிக்கு வெளியே முதல்முறையாக விட்டோம். முதலில் திகைத்து நின்றது. அப்புறம் தென்னைமரங்களுக்கு இடையில் ஓடியது பார், வாலைத் தூக்கிக்கொண்டு! முத்தழகி பின்னாலேயே கனைத்துக்கொண்டு ஓடினாள். இவர் சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று இவர் சிரித்து.

ஜூலை 22

நாச்சிமுத்து ஐயா வந்தார். வழக்கம்போலக் குதிரைக்கு முன்னால் நின்றார்.

"ஏம்பாய், பாதம் இன்னும் வெளிய பாக்குதே?"

"முட்டி நேராயிருச்சுங்கய்யா. பாதம் தானா உள்ள வந்துருமுங்."

"தானா வர்றதுக்கு நீ எதுக்கு? சந்தைக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்குது. படத்துல இருக்கற மாதிரி குச்சியாட்ட நிக்கோணும். இன்னொருக்கா தேச்சு உட்டுரு."

"டாக்டரம்மா வேண்டாம்னு..."

"டாக்டரம்மாவா சந்தைக்கு வருது? நாந்தான நிக்கோணும் அங்க?" பிறகு இவர் கையைப் பார்த்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன பாய், உனக்குக் கை உட்டுப்போச்சா?"

"ஞாயித்துக்கிழமை தேச்சுர்றனுங்" என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஐயா போனதும் கேட்டேன், "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுது."

"தேய்ச்சா பெருசாகி என்ன ஆகும்னும் தெரியுமா?"

"தெரியும் மைமூனு." அவ்வளவுதான். எழுந்து லாயத்துக்குப் போய்விட்டார். கை விட்டுப்போச்சா என்று ஒருத்தர் கேட்டுவிட்டார், அதற்காக ஒரு குட்டியின் காலைக் கொடுக்கப்போகிறார். இத்தனை மாதம் என் இடுப்பு ஒடிந்தது இதற்குத்தானா?

ஜூலை 25

சோறு வைத்தேன், சாப்பிட்டார்.

ஜூலை 27

ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே நாச்சிமுத்து ஐயா வந்துவிட்டார். கூட அவர் மச்சான், அவரும் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிறவர். இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குட்டியைக் கடப்பைக்கல்லில் நிறுத்தினேன். வலது காலைத் தூக்கிப் பிடித்தேன். பழக்கத்தில் அரத்தை எடுக்க நான் கையை நீட்டுமுன் இவர் எடுத்துக்கொண்டார்.

குளம்பின் மேல் வைத்தார். அரம் தடதடவென்று அடித்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்தார். இரண்டும் சேர்ந்து நடுங்கின. குட்டி தலையைத் திருப்பி இவர் தொப்பியை முகர்ந்து பார்த்தது. அரம் கையிலிருந்து விழுந்து கல்லில் பட்ட சத்தத்தில் முத்தழகி மிரண்டாள். குட்டி மிரளவில்லை.

நாற்காலியில் இருந்த இரண்டு பேர் முகத்திலும் நான் எதற்குப் பயந்தேனோ அது வந்தது.

இவர் எழுந்து நின்றார். "ஐயா, ஏப்ரல் மாசத்துல இருந்து நான் இந்தக் குட்டிய வெட்டுலீங்க. என் கை ஆவாதுங்க. எல்லாம் மைமூனு பண்ணுனதுதான். டாக்டரம்மா சுத்தமான வேலைன்னு சொன்னது இவ வேலையத்தானுங்." கீழே கிடந்த அரத்தை எடுத்தார், எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று, யாரும் உதவிக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. என் கையில் கொடுத்தார். "இனிமேல்ட்டு இவளக் கேளுங்க" என்றார்.

நாச்சிமுத்து ஐயா என்னையே பார்த்தார். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து நான் அவர் கண்ணுக்குக் குதிரையின் கால் பிடிக்கிறவள், சாணி அள்ளுகிறவள். "அப்பச் சரி. மைமூனம்மா, நீயே தேச்சு உடு" என்றார்.

நான் குட்டியின் காலைக் கீழே விட்டேன். எழுந்து, வலது கால் பார்க்கிற பக்கம் போய் நின்றேன். பார்த்தேன். இடது காலுக்குப் போய் நின்றேன். பார்த்தேன். அரத்தைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"தேய்க்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"நான் சொல்றன்ல?"

"நீங்க சொல்லுவீங்க. காலு அதோடது இல்லீங்களா? முட்டி நேராயிருச்சு. இதுக்கு மேல இத நான் தொடமாட்டனுங்."

அவர் மச்சான் இருமினார். நாச்சிமுத்து ஐயா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். காருக்குப் போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டதும் கடப்பைக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். குட்டி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி முகர்ந்தது.

"அரத்தை எடுத்து அப்படியே தேச்சுருவயோன்னு நினைச்சேன்" என்றார்.

"நீங்க தேய்ச்சுருவீங்களோன்னு நான் பயந்தேன்."

"நானும் அதான் பயந்தேன்" என்றார்.

ஜூலை 28

பாத்திரங்களை மூட்டை கட்டினேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வரவில்லை. சமைப்பதற்கு மறுபடி அவிழ்த்தேன்.

ஜூலை 31

மறுபடி கட்டினேன். அம்மிக்கல்லை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

தோட்டத்திலிருக்கிற சாம்பல் நிறக் குதிரையை மட்டும் சந்தைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். டிரைவரிடம் ஐயா சொல்லியிருக்கிறார், திரும்பி வரும்போது தரகனையும் கூட்டிவருவாராம். இவர் குட்டிக்கு வேப்பங்கொழுந்து பறித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். குட்டி தின்னாமல் துப்புகிறது.

ஆகஸ்ட் 10

இன்று மத்தியானம் வந்தார். தனியாக. தரகன் இல்லை. நான் கும்பிட்டேன், அவர் நேராகக் குட்டியிடம் போனார். முன்னால் நின்றார். கொஞ்சம் யோசித்து, ஓரமாக நகர்ந்து வலது கால் பார்க்கிற பக்கம் நின்றார்!

"மைமூனம்மா, உனக்கொரு சங்கதி தெரியுமா? சந்தைல ஒரு குதிரை பாத்தேன். நாலு வயசு. கருப்பு. அவ்வளவு அழகு. ஆனா பாதம் ரெண்டும் உள்ள திரும்பிக்கிட்டு, தத்தித் தத்தி நடக்குது. ஏனுங் இப்படின்னு கேட்டா, குட்டில ரொம்ப நேரா இருந்துச்சுங்கன்னு அழுவறான் வித்தவன். குட்டில கொஞ்சம் வெளிய பாத்துக்கிட்டுத்தான் இருக்கோணும், தெரிஞ்சுக்க. நெஞ்சு விரியறப்ப உள்ள வரும். அவசரப்பட்டுத் தேச்சுரக் கூடாது."

"அப்படீங்களா" என்றேன்.

"ஆமா. இதெல்லாம் அனுபவம்."

இவர் இருமலை அடக்கிக்கொண்டு லாயத்துக்குள் போய்விட்டார். சிரிப்பு.

ஐயா போகும்போது வாசலில் நின்றார். "அடுத்த மாசம் சாம்பலுக்கு லாடம் மாத்தோணும். நீ பாத்துக்க. பாய் கூட நிக்கட்டும், கண்ணு அவருக்கு நல்லாத்தான இருக்குது." அப்புறம், "குட்டிக்குப் பேரு வெக்கோணும். யோசிச்சு வை" என்றார்.

அம்மிக்கல்லைப் பழைய இடத்திலேயே போட்டேன்.

ஆகஸ்ட் 24

பேர் வைக்கவில்லை இன்னும். இவர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். குட்டி இரண்டுக்கும் திரும்புகிறது.

செப்டம்பர் 14

குட்டிக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்திருக்கிறது. கடப்பைக்கல்லில் நிறுத்திப் பார்த்தோம். பாதம் முன்பிருந்ததைவிட ஒரு நூல் உள்ளே வந்திருக்கிறது, யாரும் தொடாமலே.

இவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஜுலைகா சொன்ன அந்த டாக்டர், அவரு என்னிக்கு இருப்பாராம்?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"என்னையும் ஒருத்தர் நிக்க வெச்சுப் பாக்கட்டும் மைமூனு. எங்க தேய்க்கலாம், எங்க விட்டுறணும்னு சொல்லட்டும்."

ஜுலைகாவுக்குப் போன் பண்ணினேன். அவள் அழுதாள், நான் திட்டினேன், அப்புறம் நானும் அழுதேன். புதன்கிழமை காலை முதல் பஸ். இவருடைய பெருநாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். பொத்தான் நானே போட்டுவிடுகிறேன், யார் பார்த்தாலும் சரி.